ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு: எந்தப் படகு, எந்த மாதம்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். சீசன் முடிந்ததும் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நானும் என் மனைவியும் முதுகுப்பையோடு 16 நாள் வியட்நாம் போகிறோம். ஹோ சி மின் நகரில் இறங்கி, வடக்கே ஹனோய் வரை வந்து, கடைசியாக ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு படகில் தங்கிவிட்டு மறுநாள் ராத்திரியே ஃபிளைட் ஏறுவதாகத் திட்டம். ஆளுக்கு 65 டாலரிலும் படகு இருக்கிறது, 150 டாலரிலும் இருக்கிறது. போட்டோவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். மனைவிக்கு நீச்சலும் தெரியாது, அவர் சுத்த சைவமும்கூட. எதை எடுக்கலாம்? பாதுகாப்பு எப்படி? பெரிய பைகளை என்ன செய்வது? ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுபோகலாமா?

பதில்: உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது இரண்டு. ஒன்று மாதம். இன்னொன்று, படகு இரவைக் கடைசியில் வைத்திருப்பது. 65-ஆ 150-ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண்டிக்கு ஓய்வு கிடைக்கும் மாதமும் ஹா லாங் இருக்கும் டோன்கின் வளைகுடாவில் புயல் திரியும் மாதமும் ஒன்றாக வந்து தொலைக்கிறது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் அந்தக் கரைக்குப் புயல் காலம். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் ஹா லாங் அமைந்த குவாங் நின் மாகாணத்தையும் பக்கத்து ஹாய் ஃபோங்கையும்தான் அடித்துப் போட்டது. ஒதுங்கிக் கட்டிப் போட்டிருந்த சுற்றுலாப் படகுகளே பல மூழ்கின. புயலாவது பரவாயில்லை, நாலு நாள் முன்பே செய்தி வந்துவிடும். கோடைக்கால இடிமழைக்கு அந்த மரியாதை கிடையாது. 2025 ஜூலை 19 பிற்பகலில் புயல் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே வானம் கறுத்து, சில நிமிடங்களில் அடித்த காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இந்தப் படகுகள் கவிழ்வதற்கு ஒரு காரணம் அவற்றின் உருவத்திலேயே இருக்கிறது. அலை இல்லாத விரிகுடாவுக்காகக் கட்டியவை என்பதால் நீருக்குக் கீழே ஆழம் குறைவு. மேலே அறை, அதற்கு மேல் சாப்பாட்டுக் கூடம், அதற்கு மேல் மொட்டைத்தளம் என்று உயரம் அதிகம். பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்த முழுச் சுவரும் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். ஏசிக்காகக் கண்ணாடிகளை மூடியிருப்பார்கள். மழைக்குப் பயந்து ஆட்கள் எல்லாரும் உள்ளே ஓடியிருப்பார்கள். கவிழ்ந்தால் வெளியே வர வழி இல்லாமல் போவது அதனால்தான்.

ஆகவே அக்டோபர் பாதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை போங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. அங்கே அப்போதுதான் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயிலும் உறுத்தாது. தை, மாசியில் தோப்பில் பூ எடுத்தால் உங்களுக்கும் கை ஓயாது, அங்கேயும் பனிமூட்டமும் ஓயாத தூறலும்தான். பிப்ரவரி, மார்ச்சில் எதிரே இருக்கும் தீவுகூடத் தெரியாத நாட்கள் உண்டு. ஏப்ரலில் மறுபடி தெளியும், ஆனால் அதற்குள் உங்கள் சீசன் தொடங்கிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வடக்கில் வானம் தெளியும் அதே அக்டோபர், நவம்பரில்தான் நடு வியட்நாமில் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வரும். ஹோய் ஆன் தெருக்களில் படகு விடுவார்கள். எனவே அந்த மாதங்களில் போனால் வடக்கை நிதானமாகப் பார்த்துவிட்டு, நடுப்பகுதியை விட்டு, ஹனோயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் நேராகத் தெற்கே போய்விடுங்கள். 16 நாளில் மூன்று பகுதியையும் திணிப்பதைவிட அதுவே நல்லது.

அப்படிச் செய்தால் இரண்டாவது மாற்றமும் தானாக நடந்துவிடும். ஹனோயில் இறங்குங்கள், மூன்றாவது அல்லது நான்காவது நாளில் படகு ஏறுங்கள், தெற்கே போய் ஹோ சி மின் நகரிலிருந்து ஊர் திரும்புங்கள். படகு கிளம்புமா என்பதைப் படகுக்காரரும் முடிவு செய்ய முடியாது, ஏஜென்டும் முடிவு செய்ய முடியாது. துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்தால்தான் கயிறு அவிழும். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறதே, அதே கதைதான். வெயில் அடிக்கிறதே, ஏன் விடவில்லை என்று படகுத்துறையில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. அந்தத் தடை பெரும்பாலும் முந்தைய மாலையோ கிளம்பும் அன்று காலையோதான் தெரியவரும். ராத்திரியே ஃபிளைட் என்று இருப்பவருக்குத் தேதி மாற்ற வழி இல்லை. நாலாம் நாளில் இருப்பவர் ஹனோயில் இன்னும் ஒரு நாள் சுற்றிவிட்டு மறுநாள் ஏறிக்கொள்வார்.

எந்த விரிகுடா என்று நீங்கள் கேட்கவில்லை. படகைவிட முதலில் கேட்க வேண்டியது அதுதான். 'ஹா லாங்' என்று ஒரே பெயரில் விற்றாலும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நீர்ப்பரப்புகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஹா லாங். 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இதுதான். சுங் சோட் குகை, டி டோப் தீவு எல்லாம் இங்கே. கூட்டமும் இங்கேதான், குகைப் படிகளில் வரிசையில்தான் நகர முடியும். டி டோப் உச்சிக்கு நானூற்றுச் சொச்சம் படிகள். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை ஏறிப் பழகியவர்களுக்கு அது பொருட்டே அல்ல. டி டோப் என்ற பெயர் சோவியத் விண்வெளி வீரர் டிட்டோவ் 1962-ல் ஹோ சி மின்னோடு அங்கே வந்ததால் வைத்தது. தெற்கே, காட் பா தீவை ஒட்டி இருப்பது லான் ஹா. காட் பா தீவுக்கூட்டத்தையும் 2023-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தீவுகள் நெருக்கமாக இருக்கும், படகுகள் குறைவு, கயாக் விட ஏற்றது. வடகிழக்கே பாய் து லாங். மூன்றிலும் அமைதியானது இதுதான், வுங் வியெங் மிதக்கும் மீனவ கிராமம் இந்தப் பக்கம். உங்கள் இருவருக்கும் லான் ஹாவைத்தான் சொல்வோம். காட்சி ஒன்றேதான், நெரிசல் பாதி.

பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரிக்காரருக்குப் பாறை புதிதல்ல, ஆனால் நம்முடையது கிரானைட், மழைநீருக்கு அசையாது. அங்கே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீரில் இருக்கும் லேசான அமிலத்தில் பல லட்சம் ஆண்டுகள் கரைந்து கரைந்து, கரையாமல் மிஞ்சியவை தூண்களாக நின்றன. கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளங்களில் தண்ணீர் ஏறி, தூண்கள் தீவுகளாயின. படகிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு தீவும் நீர்மட்டத்தில் இடுப்பை யாரோ கடித்து எடுத்தது போல உள்வாங்கியிருக்கும். அதற்குக் கீழே கறுப்பாகத் தெரியும் பட்டை முழுக்கச் சிப்பி. கயாக்கில் போகும்போது அதைப் பிடித்து நிற்க நினைத்தால் உள்ளங்கை பிளேடால் கிழித்தது போல ஆகிவிடும்.

இனி 65-ஆ 150-ஆ. அறை, மெத்தை, சாப்பாடு எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம். லாட்ஜில் மலிவு அறை எடுத்தால் கொசு கடிக்கும், அவ்வளவுதான். இரவுப் படகில் மலிவு என்றால் எதைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய மர உடலா, ஓய்வில்லாமல் ஓட்டும் பணியாட்களா, பராமரிப்பா? 2011 பிப்ரவரியில் ஹா லாங்கில் நங்கூரம் போட்டு நின்றிருந்த ஒரு படகு விடியற்காலையில் மூழ்கி 12 பேர் இறந்தார்கள். காற்றும் இல்லை, மோதலும் இல்லை. எஞ்சின் அறையில் தண்ணீர் புகுந்ததை யாரும் நேரத்தில் கவனிக்கவில்லை, பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்து எஞ்சின் அறையைப் பார்ப்பாரா என்பது போட்டோவில் தெரியாத விஷயம்.

எனவே 65 டாலர் படகு வேண்டாம். இருவருக்கும் சேர்த்து வித்தியாசம் 170 டாலர், டாலரை ₹90 என்று வைத்தால் ₹15,300. அந்தப் பணம் கூடுதலாகத் தோன்றினால் இரவுப் படகையே விட்டுவிடுங்கள், அதற்கு நல்ல மாற்று ஒன்று கீழே வருகிறது. நடுவில் ஒரு மலிவுப் படகு மட்டும் எடுக்காதீர்கள். ஹாஸ்டல்கள் விற்கும் இளைஞர் 'பார்ட்டி' படகுகளும் உங்களுக்கு ஆகாது. குடித்துவிட்டு மேல்தளத்திலிருந்து குதிக்கும் கூட்டத்தோடு தூங்க முடியாது.

150 கொடுத்தாலும் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். '2 நாள் 1 இரவு' என்று போட்டிருப்பது கணக்குப் பார்த்தால் படகில் 22, 23 மணி நேரம். காலை 8 அல்லது 8.30-க்கு ஹனோய் பழைய நகரத்தில் வேன் வரும். 'லிமோசின்' என்பார்கள், சீட் அகலமான வேன்தான். எக்ஸ்பிரஸ் சாலையில் இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முத்துக்கடையிலோ கைவினைக் கடையிலோ அரை மணி நிறுத்தம். இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், வாங்கத் தேவையில்லை. மதியம் 12 அல்லது 12.30-க்குச் சிறு படகில் ஏற்றிப் பெரிய படகுக்குக் கொண்டுபோவார்கள். சாப்பாடு, 3 மணிக்கு கயாக் அல்லது குகை, 7 மணிக்கு இரவுச் சாப்பாடு, 9 மணிக்கு விளக்குப் போட்டுக் கணவாய் தூண்டில். கணவாய் பெரும்பாலும் சிக்காது, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் வந்து மிதக்கும் சிறு மீன்களைப் பார்க்கவாவது நிற்கலாம். காலை 6.30-க்கு மேல்தளத்தில் தாய் சி. 9.30-க்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். 11 மணிக்குப் படகுத்துறை. இரண்டாம் நாளில் உங்களுக்கென்று இருப்பது விடியலும் ஒரு குகையும்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. உண்மையில் இரவுப் படகின் விலை மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் நடுவில் இருக்கும் நேரத்துக்குத்தான். பகல் படகுகள் எல்லாம் கரை திரும்பிய பிறகு நீர் கண்ணாடியாகிவிடும், எங்கோ ஒரு மோட்டார் சத்தம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முன்பதிவு செய்யும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: படகின் பெயர் (டூர் பெயர் அல்ல), எந்தப் படகுத்துறை, எந்த விரிகுடா, எத்தனையாவது தளத்தில் அறை, நுழைவுக் கட்டணமும் கயாக்கும் வேனும் விலைக்குள் அடங்குமா, துறைமுகம் தடை போட்டால் முழுப்பணம் திரும்புமா. 'இதற்கு இணையான வேறு படகு' என்ற வரி வவுச்சரில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். ஒரு படகைக் காட்டி விற்று, ஆள் சேரவில்லை என்று வேறு படகில் தள்ளிவிடுவது அங்கே வெகு சாதாரணம். அதனால் தெருமுனை ஏஜென்டைவிடப் படகு நிறுவனத்திடமே நேராகப் பதிவு செய்வது நல்லது. பேர் பெற்ற ஏஜென்சிகளின் பலகையை எழுத்து மாறாமல் காப்பியடித்த கடைகள் ஹனோயில் தெருவுக்கு நாலு. முன்பணம் மட்டும் கார்டில் கட்டுங்கள். படகின் உடல் இரும்பா மரமா, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில். இரும்பு உடலில் நீர் புகாத தடுப்பறைகள் கட்ட முடியும், தீயும் சட்டென்று பரவாது.

அறையை இரண்டாம் தளத்தில், நடுவில் கேளுங்கள். கீழ்த்தளத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் சத்தமும் டீசல் நெடியும். கீழ்த்தளத்தின் முன்பக்கம் நங்கூரச் சங்கிலி நடு ராத்திரியில் கரகரவென்று இழுபடும். தண்ணீர் புகுந்தால் முதலில் மூழ்குவதும் கீழ்த்தளம்தான்.

ஏறியதும் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. அறையில் இரண்டு உயிர்க்காப்பு அங்கி இருக்கிறதா என்று அலமாரியிலும் கட்டிலடியிலும் பாருங்கள். எடுத்துப் போட்டுப் பார்த்து, வார்களை எல்லாம் இறுக்கி, ஒருவர் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் அது தண்ணீரில் தலைக்கு மேலே கழன்றுவிடும், மாற்றித் தரச் சொல்லுங்கள். வார் கிழிந்ததும், உள்ளே பஞ்சு சப்பிப்போனதும் வேண்டவே வேண்டாம். ஜன்னல் திறக்கிறதா, கம்பி போட்டிருக்கிறதா? கதவிலிருந்து திறந்த தளத்துக்கு எத்தனை எட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு தடவை நடந்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அந்த எண்ணிக்கைதான் கண். படுக்கும்போது பாஸ்போர்ட்டும் போனும் நீர்புகாப் பையில் போட்டுத் தலைமாட்டில், சிறிய டார்ச் கைக்கெட்டும் இடத்தில்.

வானம் கறுத்து காற்று திரும்புவது தெரிந்தால் உள்ளே ஓடாதீர்கள். அங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு திறந்த தளத்தின் கதவோரம் வந்து, அங்கே போட்டுக்கொண்டு உட்காருங்கள். அங்கியோடு அறைக்குள் மாட்டிக்கொண்டால் புகும் தண்ணீர் உங்களைக் கூரையோடு சேர்த்து ஒட்டிவிடும். குனிந்து வாசலுக்கு வர முடியாது. எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்பதும் கூடாது. சிப்பந்திகள் சொல்வதை அப்படியே கேளுங்கள், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

நீச்சல் தெரியாத மனைவி கயாக் ஏறலாமா? அங்கி போட்டுக்கொண்டு, காற்று இல்லாத காயலுக்குள் என்றால் ஏறலாம். இரட்டை கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், திசை திருப்புவது அவர்தான். முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க, பின்னால் இருப்பவர் அதே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும். இருவரும் ஆளுக்கொரு வேகத்தில் போட்டால் துடுப்புகள் மோதிக்கொள்ளும், தம்பதிகளும் மோதிக்கொள்வார்கள். கவிழ்ந்தால் கயாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும், திருப்பிப் போட முயல வேண்டாம். படகிலிருந்து ஆள் வருவார். உங்கள் மனைவிக்குக் கயாக் ஏற மனம் ஒப்பவில்லை என்றால் உள்ளூர்ப் பெண்கள் துடுப்பு போடும் மூங்கில் படகு பல இடங்களில் உண்டு. அதில் உட்கார்ந்து வந்தால் போதும், பரிசல் சவாரி போல. பயணத்துக்கு முன் ஒரு மாதம் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நீச்சல் குளத்துக்குப் போய் மல்லாந்து மிதக்க மட்டும் அவர் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் கிணற்று நீச்சலை நம்பி நீங்களும் அங்கியைக் கழற்றாதீர்கள். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், கடலில் வராது.

கயாக்கில் புகும் குகைகளுக்கு ஓதம் பார்க்க வேண்டும். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றும். டோன்கின் வளைகுடாவில் பெரும்பாலான நாட்களில் ஒரே ஏற்றம், ஒரே வற்றம். வித்தியாசம் சில நாட்களில் மூன்று மீட்டருக்கும் மேல். லுவோன் குகை போன்ற தாழ்வான வளைவில் நீர் ஏறி நிற்கும்போது தலை இடிக்கும். உள்ளே போயிருக்கும்போது நீர் ஏறினால் திரும்பும் வழி குறுகும். எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும் என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுப் புகுங்கள்.

வாந்தி பற்றிப் பயம் வேண்டாம். தீவுகள் அலையைத் தடுப்பதால் படகு தொட்டில் அளவுகூட ஆடாது. காட் பா போகும் ஸ்பீடு படகில்தான் குலுங்கும். அவோமின் போன்ற மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால் குடும்ப மருத்துவரைக் கேட்டு இரண்டு மாத்திரை கையில் வைத்திருங்கள். சாப்பிட்டால் தூக்கம் வரும், கயாக் நேரத்தில் வேண்டாம்.

சைவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது கறியில் இல்லை, சாற்றில். 'இறைச்சி வேண்டாம்' என்றால் கீரைப் பொரியல் வரும், அதில் மீன்சாறு இருக்கும். நூடுல்ஸில் கறித்துண்டு இருக்காது, ஆனால் அந்த ரசமே எலும்பு வேகவைத்தது. 'ஆன் சாய்' என்பதே அங்கே சைவம் சாப்பிடுவது என்பதற்கான சொல். பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஏராளமான வியட்நாமியர்கள் சைவம் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை விரதம் போலத்தான், அதனால் அந்தச் சொல் சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். முட்டை, பால் சேர்ப்பீர்களா என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். ஹனோய் ஹோட்டல் வரவேற்பறையில் 'மீன்சாறு, சிப்பிச் சாறு, எலும்பு ரசம் எதுவும் கூடாது, முட்டை உண்டு' என்பது போல வியட்நாமிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, படகு ஏறியதும் சமையலறையில் கொடுத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது ஒரு தடவை, முந்தைய நாள் ஒரு தடவை, ஏறியதும் ஒரு தடவை: மூன்று முறை சொன்னால் ஒரு முறை காதில் விழும். சோறு, டோஃபு, கத்தரிக்காய், பழம் கண்டிப்பாகக் கிடைக்கும். அதோடு ஒரு டப்பா பருப்புப்பொடியோ புளிக்காய்ச்சலோ இருந்தால் சாப்பாடு ருசிப்படும்.

படகில் குடிப்பது எல்லாம் தனிக் கணக்கு. அறையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இலவசமாக வைத்திருப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் கேட்கும் தண்ணீருக்கும் காசு. இறங்கும்போது பில் வரும். வியட்நாம் பணமான டாங் நோட்டை எண்ணும்போது கவனம்: 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீல நிறம், அவசரத்தில் 25 மடங்கு கொடுத்துவிடுவீர்கள். 5 லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். 2,00,000 நோட்டைத் திருப்பிப் பாருங்கள், நீங்கள் போகிற விரிகுடா அதில் இருக்கிறது.

பெரிய பைகளை ஹனோய் ஹோட்டலிலேயே விடுங்கள். அங்கே மறுபடி தங்குபவர்களுக்குக் காசு வாங்காமல் வைத்துக்கொள்வார்கள். படகுக்கு 20 லிட்டர் சிறு பை போதும்: ஒரு மாற்றுத்துணி, சீக்கிரம் காயும் அரைக்கால்சட்டை, பின்வார் உள்ள செருப்பு (குகைப் படிகள் ஈரம், ஹவாய் செருப்பு வழுக்கும்), நீர்புகாப் பை, சன் கிரீம், நவம்பர் கடைசி என்றால் ஒரு ஸ்வெட்டர். துண்டு படகில் தருவார்கள். பாஸ்போர்ட் அசல் கட்டாயம் கையில் இருக்க வேண்டும், பயணிகள் பட்டியல் துறைமுகத்தில் பதிவாகும். நகலை மட்டும் கொண்டுபோய்ப் படகுத்துறையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். படகு முடிந்து நேராக ஹனோய்க்குத் தெற்கே உள்ள நின் பின் ஊருக்குப் போவதாக இருந்தால் மட்டும் முழுப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹனோய் திரும்பாமலே அங்கே போகப் பேருந்து உண்டு, அரை நாள் மிச்சம்.

மாற்று வழி என்றேனே, அது காட் பா. ஹனோயிலிருந்து பேருந்தும் படகும் சேர்ந்த டிக்கெட் ஆளுக்குச் சுமார் 13 டாலர், பயணம் நாலு மணி நேரம். ஊரில் சுமாரான அறை 15 டாலருக்குக் கிடைக்கும். அங்கிருந்து லான் ஹாவில் பகல் முழுக்கப் படகு, கயாக், மதியச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 25 டாலர் போல. இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் படகு போய்த் திரும்பினால் இருவருக்கும் மொத்தம் 130 டாலர் சுமார், அதாவது ₹12,000-க்குள். மலிவு இரவுப் படகு இரண்டு பேருக்குக் கேட்கும் அதே காசு. நடு ராத்திரி நீர்நிசப்தம் கிடைக்காது, ஆனால் திடமான தரையில் தூங்குவீர்கள், வானிலை சரியில்லாத நாளில் படகை மறுநாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம். ஆகஸ்டை மாற்றவே முடியாது என்றால் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும்.

காட் பாவில் எல்லாரும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள். நம் ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வருவது. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கை உரிமத்தை. வாடகைக்காரர் கேட்க மாட்டார், காவலர் கேட்கலாம், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்டிப்பாகக் கேட்கும். டாக்சியோ வாடகை சைக்கிளோ போதும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கயாக் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இ-விசா ஒரு நுழைவுக்கு 25 டாலர், பல நுழைவுக்கு 50. அரசின் தளத்தில் மட்டும் போடுங்கள், அதே தோற்றத்தில் இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் உண்டு. நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். இனிஷியலை விரித்த அப்பா பெயர் ஒருவருக்குக் கடைசிப் பெயராக, இன்னொருவருக்கு முதல் பெயரோடு சேர்ந்து இருக்கும். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். மூன்று வேலை நாள் என்பார்கள். பிழை வந்தால் மறுபடி கட்ட வேண்டும் என்பதால் மூன்று வாரம் முன்பே போடுங்கள், வந்ததும் தாளில் அச்செடுங்கள். பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் வைத்து வீட்டிலிருந்து விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.

மாம்பழம் வேண்டாம். தாவர நோய்ச் சான்றிதழ் இல்லாத பழத்தை இறங்கும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நவம்பரில் பழமும் இருக்காது. மாங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் எண்ணெய் மிதப்பதால் பாதுகாப்புச் சோதனையில் அதைத் திரவம் என்பார்கள். மூடியை டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, செக்-இன் பையில் வையுங்கள்.